ஜெனிலாவின் கட்டடத்தில் கொட்டிய அசனக் குழம்பு

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
சனிக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் கொழுந்தப்பிள்ளை டேவிட்சன் அவர்களுக்கு, உங்கள் மைனி பிளாரன்ஸ் வேதமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால், முழங்கால் நீங்கலாக, நான் சுகம். நீங்களும் மனைவி ஜெபசுதாவும் அந்த வெயிலில் சுகமாயிருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் பெயர் சொல்லியே கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதக் காரணம் உண்டு. வியாழக்கிழமை நீங்கள் கூப்பிட்டு, "மைனி, பிள்ள ஒண்ணுஞ்சொல்ல மாட்டேங்கா, அழுதுகிட்டே இருக்கா, அங்கன என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டபோது, டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தந்த சிஸ்டர், வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தில் வருத்தம் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது என்பார். ஆகவே தெரிவிக்கிறேன். உங்கள் மகள் ஜெனிலாவின் ஆர்க்கிடெக்சர் படிப்புக் கடைசி வருட ப்ராஜெக்டை, சார்மார் கூடிப் பார்க்கும் ஜூரியில் ஏற்றுக்கொள்ளவில்லை. அது தேறாமல் ஜூனில் சென்னைக் கம்பெனியில் வேலைக்குச் சேர முடியாது. இதற்குக் காரணம் நான். கொஞ்சம் உங்கள் அண்ணனின் காரும், கொஞ்சம் ஊர்க் கோயில் பண்டிகையின் அசனச் சாப்பாடும். ஆனால் பெரும்பகுதி நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவள் என் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். காகிதச் சுருள்களும் அட்டைகளும் பசையுமாக மேசை நிறைந்துவிட்டதால் நான் அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டேன். என்ன கட்டடம் என்று கேட்டேன். கட்டடம் அப்புறம், நம் ஊர் ஜனங்கள் காரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றாள். தினமும் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போய், கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் கார்களை வரைந்துகொண்டு வந்தாள். யாரும் காரை விட்டு இறங்குவதே இல்லையாம். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, குடும்பம் மொத்தமும் உள்ளே உட்கார்ந்து மக்ரூன் தின்றபடி கடலைப் பார்க்கிறதாம். சம்பந்தம் பேசுவது, சண்டை, அழுகை எல்லாம் அதற்குள்ளேதானாம். "வீட்டுல ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு போனு. எல்லாரும் ஒரே பக்கமாப் பாத்து ஒக்காந்து பேசுதது கார்ல மட்டுந்தான் பெரியம்மா" என்றாள். ஆகவே அவள் கட்டப்போவது ஓடுகிற காருக்கான இடம் இல்லை, நிற்கிற காருக்கான இடம். காரோடு உள்ளே வந்து, காரிலேயே உட்கார்ந்திருக்க, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய கூரை. நான் சிரித்தேன். சிரித்ததற்காக இப்போது வருந்துகிறேன்.

உங்கள் அண்ணனின் கிரீம் நிறக் கார் உங்களுக்குத் தெரியும். அவர் போன பிறகு, ஜூரி நாள் வரை, அது ஷெட்டை விட்டு வெளியே வந்ததில்லை. கடல் காற்றில் துருப்பிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் துடைக்கிறேன். இவ்வளவு ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாததை உங்களுக்கு எழுதுகிறேன், ஜெபசுதாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். துடைத்து முடித்ததும், எதிர்வீட்டு ஆக்னஸ் கண்ணில் படாதபடி ஷெட் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, பின்சீட்டில் இடது பக்கம் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த வாரத்துச் செய்திகளை ஸ்டியரிங் பக்கம் பார்த்துச் சொல்வேன். குழாயில் தண்ணீர் வராதது, பாடகர் குழுவில் நடந்த சண்டை, இப்படி. பதில் எதிர்பார்த்துச் சொல்வதில்லை. அவர் உயிரோடிருந்து ஓட்டிய காலத்திலும் பதில் சொன்னதில்லை. ஏன் இடது பக்கப் பின்சீட்டு என்று கேட்க மாட்டீர்கள். உங்கள் அம்மா முன்சீட்டில் உட்காருவார்கள். நான் வாழ வந்த அன்றே பின்னால் அந்த மூலை எனக்கு என்று ஆகிவிட்டது. பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அசனக் குழம்பு வாளி என் இரண்டு கால்களுக்கும் நடுவில் வரும், சிந்தாமல் கொண்டுவருவது என் பொறுப்பு. அம்மா காலமான பிறகும் நான் முன்னால் போய் உட்காரவில்லை. உங்கள் அண்ணனும் வா என்று கூப்பிடவில்லை.

இதை ஜெனிலா பார்த்துவிட்டாள். எந்தச் சனிக்கிழமை பார்த்தாளோ தெரியாது. ஜனவரியில் முதல் ரிவ்யூ முடிந்து வந்தவள் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தாள். ஒரு கார் ஷெட். உள்ளே பழைய கார். கண்ணாடி ஏற்றிய பின்சீட்டில் ஒரு பெண், முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிறாள். அவளுக்கு முன்னே ஷெட்டின் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கடல். சார்மார் எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது, இதிலிருந்துதான் மொத்தக் கட்டடமும் வளரப் போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அத எடுத்துரு. செத்த புருஷனோட நின்ன கார்ல ஒக்காந்து பேசுதான்னு ஊரு சிரிக்கணுமா?" என்றேன். பெயர் போடவில்லையே பெரியம்மா என்றாள். "கொண்ட போட்டிருக்கியே" என்றேன். பிள்ளை தாளைச் சுருட்டி வைத்துவிட்டாள். அப்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எடுக்கச் சொன்னவள் நான், காலியான இடத்தை நிரப்ப வேண்டியவளும் நான்தானே. நிரப்பினேன். மணிக்கணக்காகக் காரில் உட்கார்ந்திருக்கும் பெண் எங்கே ஒதுங்குவாள் என்று கேட்டு மகளிர் கழிப்பறை வைத்தேன் (இதற்கு மட்டும் நான் வருந்தவில்லை), பிறகு டிரைவர்கள் படுக்க ஓர் அறை, பிறகு புதுக் கார் வாங்கியவர்கள் குருவானவரை அழைத்து ஜெபிக்க ஒரு நிழல், ஜெபத்துக்கு இடம் இருந்தால் கல்யாணக் காரைப் பூவால் ஜோடிக்கவும் இடம் வேண்டும், கார் ஜோடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் அவர்கள் நடுத்தெருவிலா சாப்பிடுவார்கள், ஆகவே சாப்பாட்டுக் கூடம், கூடத்துக்கு முன்னால் தூண் வைத்த போர்ட்டிகோ, இவ்வளவையும் திறந்து போட முடியாது என்பதால் சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். "சொவரு வச்சா கடலு தெரியாதே பெரியம்மா" என்றாள். கடல் எங்கேயும் போய்விடாது, திருடன் வந்துவிடுவான் என்றேன். நான் சொன்னதையெல்லாம் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டாள். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசாத பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். அது இவ்வளவு ஆபத்தான குணம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடைசியில் ஒருநாள் சற்று விலகி நின்று பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது கல்யாண மண்டபம்லா" என்றாள். பார்க்கிங் வசதியுள்ள கல்யாண மண்டபம் என்று நான் திருத்தினேன்.

மாடல் செய்து முடித்ததும் அது பாதிக் கட்டில் அளவு இருந்தது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. வேன் பிடிக்கிறேன் என்றாள். காரைப் பற்றிய ப்ராஜெக்ட் காரில் போவதுதான் முறை, பெரியப்பா கார் இருக்க வேன் எதற்கு என்று சொல்லி, பக்கத்துத் தெரு ஒர்க்ஷாப்பிலிருந்து வேல்ராஜை வரவழைத்தேன். அவன் பல நாள் காரடியில் படுத்துக் கிடந்து, புது பேட்டரி போட்டு, ஹார்னைக்கூடச் சரிசெய்து எழுப்பிவிட்டான். எழுந்து வந்து, "யம்மா, வண்டி ஓடும். நிக்குமான்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். அடக்கமான பையன், தன் வேலையைக் குறைத்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூரி மத்தியானம். அன்று காலையில்தான் நாசரேத்துப் பக்கம் நம் ஊர்க் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. கல்லூரிக்கு நேர்ச்சாலை இருக்கும்போது ஏரல் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று சொன்னவள் நான். அந்தக் கார் அசனம் வாங்காமல் அந்தப் பக்கம் போனதே இல்லை, முதல் தடவை வெளியே வருகிறது, வழக்கத்தை விடக் கூடாது என்றேன். பிள்ளை போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிந்து, சோற்றுக்கும் கறிக்குழம்புக்கும் ஜெபித்து, நம் வாளியை நிறைத்துக் கொடுத்தார்கள். வாளியின் மூடி அந்த வாளியுடையது இல்லை. கவனித்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி ஏறும்போது ஜெனிலா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, நீங்க முன்னாடி ஒக்காருங்க. வாளிய நான் பாத்துக்கிடுதேன். ஆச்சி போயி எவ்வளவு நாளாச்சி, அந்த சீட்டு சும்மாதான கெடக்கு" என்றாள். என் இடம் எனக்குத் தெரியும் என்றேன். ஆகவே அவள் முன்னால். பின்சீட்டு முழுக்க மாடல், அதன் ஒரு முனை என் மடியில், கீழே என் கால்களுக்கு நடுவில் வாளி. ஆழ்வார்திருநகரி தாண்டியதும் ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேல்ராஜ் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தான். பிறகு இவ்வளவு வருட ஓய்வையும் சேர்த்து வைத்து ஒரே அடியாக நின்றது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. மூடி பறந்தது, மாடல் என் மடியிலிருந்து வழுக்கி, போர்ட்டிகோ முதலாக வாளிக்குள் இறங்கியது. நான் பதறித் தூக்கியபோது வாளியும் சேர்ந்து சாய்ந்து, மிச்சக் குழம்பு முழுவதும் கட்டடத்துக்குள் போயிற்று. காம்பவுண்டுச் சுவர் உறுதியாக ஒட்டப்பட்டிருந்ததால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஜெனிலா என்னைத் திட்டவில்லை. துப்பட்டாவை எடுத்து மாடலைத் துடைத்தாள். மகளிர் கழிப்பறைக்குள் கிடந்த எலும்பை எடுத்து ஜன்னல் வழியே போட்டாள். கல்லூரி வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. கார் என்றால் பேசுவதற்கான இடம் என்று சொல்லியிருந்தாளே, அதை நினைத்துக்கொண்டேன்.

என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை. அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது. ஒரு சார் மாடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இந்த பிரவுன் ஃபினிஷ் என்ன மெட்டீரியல் என்று கேட்டார். "கொழம்பு சார்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. பிறகு வயதான ஒருவர், முதல் ரிவ்யூவில் ஒரு கார் ஷெட்டும் பின்சீட்டில் ஒரு அம்மாவும் இருந்ததே, அது எங்கே, அதைப் பார்க்கத்தானே இன்றைக்கு வந்தேன் என்றார். அப்புறம் உங்கள் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது எங்க வீட்டுல ஒருத்தங்க தனியா இருக்குத நேரம் சார். நான் கேக்காம எடுத்துட்டேன். திருப்பிக் குடுத்துட்டேன்."

குழம்புக்குக்கூட என் பெயரைச் சொல்லவில்லை.

ஹாஸ்டல் வாசலில் இறங்கிக்கொண்டு, "பரவால்ல பெரியம்மா, அசனம் வீணாப் போச்சேன்னு வருத்தப்படாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் அடிக்கவில்லை. அடித்தால் என்ன சொல்வது? அந்தத் தாளில் இருந்த பெண்ணை எனக்குப் பிடிக்காமல் இல்லை, கொழுந்தப்பிள்ளை. அவளை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக ஒரு பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பின் மேல் மண்டபம் கட்டிவிட்டேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காரை விற்றுவிடுகிறேன். வேல்ராஜ் ஆள் பிடித்துவிட்டான், திங்கட்கிழமை வந்து எடுத்துப் போகிறார்கள். ஜெனிலா மறுபடி செய்ய வேண்டியதை நீங்கள் சென்னையில் எங்காவது தங்கி, என் கண்ணுக்கும் வாய்க்கும் எட்டாத இடத்தில் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். இனி எந்தக் கட்டடத்தைப் பற்றியும், அது கோயில் கோபுரமே ஆனாலும், நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை.

உங்கள் கைவேலைகளும் ஜெபசுதாவின் இடுப்புவலியும் நல்லபடியாக முடிய ஆண்டவர் துணை செய்வார். போன தடவை அனுப்பிய பேரீச்சம்பழம் நன்றாக இருந்தது, கொட்டை மட்டும் பெரிது.

இப்படிக்கு,
உங்கள் மைனி,
பிளாரன்ஸ் வேதமணி

பின்குறிப்பு: இன்று திங்கள். கவரை ஒட்டிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை காரைத் துடைக்கலாம் என்று ஷெட்டுக்குப் போனால், உள்ளே ஜெனிலா. முதல் பஸ்ஸில் வந்தவள், வீட்டு மணியை அடிக்காமல், பின்சீட்டில் என் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம், அந்த முதல் தாளிலிருந்து தொடங்கினால் மட்டும் பார்ப்பார்களாம். "மொதல்லயே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கேன். போடட்டா பெரியம்மா?" என்றாள். நான், "கொண்டய ஒழுங்காப் போடு, போன தடவ கோணலா இருந்துச்சு" என்றேன்.

ஆகவே கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கார் விற்பனை இல்லை, வேல்ராஜைத் திருப்பி அனுப்பியாயிற்று. சென்னை ஏற்பாடும் வேண்டாம். அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. கூரைக்குப் பின்னால் மகளிர் கழிப்பறைக்குப் போதுமான இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், போட்டுக்கொண்டாள். நான் காரில் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டுமாம், அதனால் என் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். உங்கள் அம்மா இடத்தில் நான் உட்கார முடியாது. பின்சீட்டின் மறுபாதி முழுக்க அவள் தாள்கள். மீதி இருந்தது ஒன்றுதான். எழுதுவதற்கு ஸ்டியரிங் நன்றாக வசதிப்படுகிறது, மடியில் அட்டை வைக்க வேண்டியதில்லை. சற்று முன் முழங்கை பட்டு ஹார்ன் அடித்துவிட்டது. ஷெட் கதவு முழுவதும் திறந்து கிடந்தது. ஆக்னஸ் அவள் வீட்டு கேட்டுக்கு ஓடி வந்து, "எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்றாள். நான் கண்ணாடியைக் கீழே வரை இறக்கி, "எங்கயும் இல்ல ஆக்னஸ், சும்மாத்தான் ஒக்காந்திருக்கோம்" என்று சொன்னேன்.