சம்பந்தி வீட்டுப் பட்டுப்புழு

ஜூலை பதினான்காம் தேதி, காலை ஏழு நாற்பது. ஓசூரில் தூறல், குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கும் வகை. அந்த நேரத்தில்தான் என் மருமகள் சுமதி தன் பச்சோந்தியை என் பொறுப்பில் விட்டுவிட்டு, என் மகனோடு ஒன்பது நாள் அந்தமானுக்குக் கிளம்பினாள். "கவலையே படாதே" என்றேன். நான் அப்படிச் சொன்ன இடங்களிலெல்லாம் யாராவது கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அது வெளிநாட்டு இனம், உரிய காகிதங்களோடு பெங்களூரில் வாங்கியது. பெயர் டைகர். (ஒரு சாண் நீளம். ஓர் அடி எடுத்து வைக்க இரண்டு முறை யோசிக்கும். புலியாம்!)

"உயிரோட இருக்கற பூச்சியத்தான் சாப்பிடும் மாமா. சுவர்க்கோழி போடுங்க. மாவுப்புழு தெனமும் வேணாம், தோல் கெட்டி. ரெண்டு நாள் சாப்பிடலன்னா உடனே போன் பண்ணுங்க. செத்துகித்துப் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

கடையில் ஒரு பெட்டி சுவர்க்கோழி முந்நூறு ரூபாய். நாற்பது இருக்கிறது என்றான் கடைக்காரன். நான் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். எண்ணாமல் ஒரு வாஷரைக்கூட உள்ளே விட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறந்து எண்ண உட்கார்ந்தேன். பதினொன்று வரை ஒழுங்காகப் போனது. பன்னிரண்டாவது குதித்தது. பிறகு எல்லாமே குதித்தன.

"நட்டு போல்ட்டுக்குக் காலு கெடையாது, எண்ணுனீங்க. இதுக்கு ஆறு காலு இருக்குதே, அத எண்ணுனீங்களா?" என்றாள் என் மனைவி சரோஜா, பிரிட்ஜுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபடி.

கடையில் மறு சரக்கு வர ஒரு வாரமாகும் என்றார்கள். மாவுப்புழுதான் இருந்தது. வாங்கி வைத்தேன். டைகர் ஒரு கண்ணால் புழுவையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது. இரண்டு பேரையும் நிராகரித்தது. இரண்டு நாள் பட்டினி. போன் செய்திருக்க வேண்டும். ஆனால் படித்தவன் அல்லவா, கைப்பேசியில் தேடினேன். பச்சோந்திக்கு உகந்தது பட்டுப்புழு, மிருதுவானது, நீர்ச்சத்து மிக்கது என்று போட்டிருந்தது. சுமதியின் அப்பா, அதாவது என் சம்பந்தி, கெலமங்கலத்தில் பட்டுப்புழுதான் வளர்க்கிறார். அதுவும் இலவசமாகக் கிடைக்கும்!

அவர் புழு மனைக்குள் போக, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். உள்ளே குரலை உயர்த்தக் கூடாது. கோயில் கர்ப்பகிருகத்துக்குக்கூட இத்தனை விதி கிடையாது. அங்கே நின்றுகொண்டு, "பச்சோந்திக்குத் தீனி" என்று சொல்ல வாய் வரவில்லை.

"பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஸ்கூல் பிராஜெக்டுங்க" என்றேன்.

"நல்ல விசயம்ங்க சம்பந்தி! இந்தக் காலத்துல எந்தக் கொழந்தைக்குப் புழு மேல பிரியம் வருது?" என்று மூன்றாம் முறை தோலுரித்த புழுக்களாகப் பார்த்து, இலையோடு அள்ளிக் கொடுத்தார். "எண்ணிடாதீங்க. எங்க வூட்ல புழுவ எண்றதில்ல, கண்ணு பட்டுடும்."

பஸ்ஸிலேயே எண்ணிவிட்டேன். ஐம்பத்திரண்டு.

டைகர் மூன்றே நாளில் முப்பத்துநான்கை முடித்தது. நான் கர்வத்தில் மிதந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தி, சம்பந்தியம்மா, ஒரு மூட்டை மல்பெரித் தழை.

"டவுன் தழையில மருந்து அடிச்சிருப்பாங்க, புழு செத்துப்பூடும்னு இவ ரவ்வெல்லாம் தூங்கல" என்றார் சம்பந்தி. "பாப்பா எங்கங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு."

அன்று ஞாயிற்றுக்கிழமை.

அவர் கொஞ்சம் புழுவே மிஞ்சியிருந்த தட்டைப் பார்த்தார். "மீதிப் புழு?"

"கூடு கட்டப் போயிருக்கும்ங்க."

முப்பது வருடமாகப் பட்டு வளர்ப்பவரிடம் சொல்கிறேன்.

"எங்க, உங்க பீரோவுலயா?"

அதற்குள் சம்பந்தியம்மா மகளின் பச்சோந்தியைப் பார்க்க பால்கனிக் கூண்டருகே போயிருந்தார். காலைப் பலகாரம் நான் ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தேன். டைகர் நாக்கை நீட்டியது.

"அய்யோ, எம் புழு!"

பதில் சொல்ல வேண்டியது டைகர்தான் என்பதுபோல நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மென்றுகொண்டிருந்தது.

சம்பந்தி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எம் பொண்ணையும் இந்த வூட்டுக்குத்தான் குடுத்திருக்கேன்."

காபி குடிக்காமலே போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் அந்தமானிலிருந்து போன். டைகர் கொழுத்துவிட்டது என்று நான் சொன்ன நற்செய்தியைச் சுமதி ரசிக்கவில்லை.

இப்போது எந்த விசேஷப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், சம்பந்தி பரிமாறுபவரைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "அவருக்கு மட்டும் அசையறதா பாத்து வெய்யிப்பா." இந்த அளவுக்காவது பேச்சு திரும்பியதற்குக் காரணம், சம்பந்தியம்மாவுக்கு அசல் பட்டில் ஒரு புடவை எடுக்க வேண்டுமென்று சரோஜா போட்ட உத்தரவு. பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். ஃபால்ஸ் அடிக்க நூற்றிருபது தனி.