ரோசி நின்ற பளிங்குத் தரை

வழவழப்பாக இருப்பதெல்லாம் அழகு என்று முப்பத்தொரு வயது வரை நம்பியிருந்தேன். (என் தலையும் வழவழப்பாகத் தொடங்கியிருந்த வயது. அதை மட்டும் சேர்க்கவில்லை.) அந்த நம்பிக்கையை ஒரு மாடு கலைத்தது.

பாரிவாக்கத்தில் என் மாமனாருக்கு மாட்டுப்பண்ணை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப, நடுவில் ஒன்பது கறவை மாடுகள். முட்டி ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் லீவு போட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தோம். பால் கறப்பது அவள் பொறுப்பு. எனக்கு ஒரே வேலை.

“மாப்ளே, கொட்டாய்ல தரை பேந்து கெடக்குது. மேஸ்திரி ஏழுமலை வருவான், கூட நின்னு பாத்துக்கங்க. ரோசிக்கு மாசம் ஆயிடிச்சி. அவ பத்திரம்.”

கூட நிற்பது மட்டும் எனக்கு எப்படிப் போதும்?

கலவை கொட்டி மட்டம் பார்த்ததும் ஏழுமலை கேட்டார்: “சார், கோடு கீசிடட்டா?”

“கோடு எதுக்கு? சாணி பூந்துக்கும். சிமெண்டுப் பால் ஊத்தி நைஸா தேய்ங்க.”

“மாடு நிக்கிற எடம் சார்.”

“மாடுன்னா அசிங்கமாத்தான் நிக்கணுமா?”

அவர் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க ஊட்டு மாடு. தேய்ச்சிட்டாப் போச்சு.”

தேய்த்தார். ஒரு வாரம் காலையும் மாலையும் நானே தண்ணீர் ஊற்றினேன். தரையில் கூரை தெரிந்தது, கூரையின் ஓட்டை வழியே ஒரு துண்டு வானம் தெரிந்தது. குனிந்து தலை வாரிக்கொண்டேன். மாமா நேரில் பார்த்து அசரட்டும் என்று போட்டோகூட அனுப்பவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆவடிப் பக்கம் வானம் கறுத்தது. மாடுகள் எல்லாம் வெளியே மரத்தடியில். மழைக்கு முன் நிறைமாதக்காரியை உள்ளே கட்டிவிடலாம் என்று ரோசியை முதலில் ஓட்டினேன்.

நாலு அடி வைத்தாள். முன்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. எப்படியோ இழுத்துப் பிடித்து நின்றாள். பிறகு நகரவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பயத்தில் சாணி போட்டாள். என் பளிங்கு இன்னும் வழுக்கலானது. அந்தப் பெரிய கண்கள் என்னைத் தேடின.

“விழுந்தா கன்னு தங்காது,” என்றாள் ஸ்டெல்லா, வாசலில் நின்று, மிக மெதுவாக. “அவளும் எழுந்திரிக்க மாட்டா.”

பிடித்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். (ஓடினேன்.) அடுத்த நொடி மல்லாந்து, ரோசியின் தாடைக்கு நேர் கீழே கிடந்தேன். அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. தினமும் ரோசியைப் பார்க்க மாமா பண்ணும் வீடியோ கால். வெளியே இழுத்து அணைக்கப் போய், விரல் தவறி எடுத்துவிட்டேன்.

“இன்னா மாப்ளே, ரோசி மேல கீறா, நீங்க கீழ கீறீங்க?”

“சும்மா... பேசிக்கிட்டிருக்கோம் மாமா.”

“தரை எப்பிடி கீது?”

“பளபளன்னு இருக்கு.”

மாமா முகம் போனை நெருங்கி வந்தது.

“கோடு?”

ரோசியின் எச்சில் ஒரு நூலாக என் நெற்றியில் இறங்கியது.

“அசையாதீங்க. அவளையும் அசைய உடாதீங்க. ஸ்டெல்லா, சாக்கு போடும்மா.”

இருந்த சாக்குகள் மூன்று. போட்டதும் அவையும் சறுக்கின. வீட்டுக்குள் ஓடிய ஸ்டெல்லா, எங்கள் கல்யாணத்துக்கு மாமா சீராகக் கொடுத்து, நாங்கள் எடுத்துப் போகாமல் இங்கேயே கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. நான் தவழ்ந்து ஒதுங்க, மெத்தையை ரோசியின் காலடிக்குத் தள்ளினாள். ரோசி மோந்து பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். அது புதைந்தது, வழுக்கவில்லை. மறுகால். மெத்தையை முன்னால் நகர்த்தி நகர்த்தி, அரை மணி நேரத்தில் அவளை வெளியே கொண்டுவந்தோம். என் பைக்கை மழையில் தள்ளிவிட்டு, அது நின்ற போர்ட்டிகோவில் கட்டினோம். மூன்றாம் நாள் பகலில் அங்கேயே பெண் கன்று போட்டாள். துள்ளி எழுந்ததைப் பார்த்தபின்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஊன்றுகோலோடு வந்த மாமா என்னைத் திட்டவில்லை. தரையைப் பார்த்தார், உளியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கோடு கொத்தினேன். கோணல் மாணலாக அவை இன்றும் இருக்கின்றன. ஒரு மாடுகூட அதற்குப்பின் வழுக்கவில்லை.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் பிளாட் முழுக்க டைல்ஸ். மாமா வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை உள்ளே தூக்கி, அந்தரத்தில் வைத்தபடி நிற்பார்.

“மாப்ளே, மெத்தை போடலியா?”

ஸ்டெல்லா சிரிக்காமல் ஒரு தலையணையைக் கொண்டுவந்து போடுவாள். முதலில் மோந்து பார்ப்பது போலக் குனிவார். அப்புறம்தான் மிதித்து உள்ளே வருவார்.