நூலில் தொங்கிய பந்து

ட்ராய் நகரம், நியூயார்க்
மார்ச் 1888

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு, அக்கா ஹனோரா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் வீட்டார் சுகமும் அறிய ஆவல்.

என் மகள் வயிற்றுப் பேரன் லூஷியன் பேஸ்பால் ஆடிக் கெட்டுப்போவான் என்றாயே, இப்போது அவன் படத்தைச் சிகரெட் பெட்டிக்குள் வைத்து ஊரூராக விற்கிறார்கள். நம் வம்சத்தில் கல்லறைக் கல்லைத் தவிர வேறெதிலும் யார் பேரும் ஏறினதில்லை. புகையிலை பிசாசின் செடி என்று சபையில் பேசுகிறவள் நான்தான், ஆனாலும் பேரன் முகத்துக்காகக் கடைக்குப் போனேன். பிரித்துப் பார்த்து வாங்கலாமா என்றதற்குக் கடைக்கார ஹாகர்ட்டி, பிரிச்சா வாங்கினதுதான் பாட்டியம்மா என்றுவிட்டான். முதல் பெட்டியில் கால் முழுக்கத் தெரிய ஒரு நாடகக்காரி படம், அடுத்ததில் யாரோ தாடிக்காரன், அதற்கடுத்ததில் மறுபடி அதே நாடகக்காரி, அந்த நேரம் பார்த்துப் போதகர் வீட்டுக்கு வர, அவளைக் கேக் தட்டுக்கு அடியில் தள்ளினேன், அவர் தட்டையே தூக்கி நீட்டுகிறார், இன்னொரு துண்டு வேணுமாம். வாங்கின சிகரெட்டை வீணாக்குவானேன் என்று தெருவில் கொடுத்துக் கொடுத்து, இப்போ எல்லா வீடும் அடுப்பில்லாமலே புகையுது.

கடைசியில் லூஷியன் வந்தான். கையைத் தூக்கிப் பந்தைப் பிடிக்கிறான், ராஜா மாதிரி இருக்கான். தெருவுக்கே காட்டினேன். பக்கத்து வீட்டு டன்ஸ்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பந்து ஒரு நூலில் தொங்குதாம்.

"ஏன்டி ஹனோரா, உன் பேரன் பந்து பிடிக்கிறானா, ஆப்பிள் பறிக்கிறானா?"

படமெடுக்கிற அறைக்குள்ளே பந்தை எவன் எறிவான், கூரையிலே கட்டித்தான் தொங்கவிடுவான், அஞ்சாம் வகுப்போட நின்ன எனக்கே இது புரியுது. சிரிக்கிற தெருவுக்கு யார் சொல்வது? ஊசியால் நூலைச் சுரண்டினேன். நூல் போச்சு, பிள்ளையோட மூக்கும் கூடவே போச்சு.

அன்றோடு தெளிந்தேன் தம்பி. நமக்கு வேண்டாத புகையை, வேண்டிய முகத்தைக் காட்டி விற்கிறான். இனி அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன். நீயும் அந்தப் பெட்டியைத் தொடாதே.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் நெஞ்சாங்கூட்டைப் புகையில்லாமல் காப்பாராக.

அக்கா
ஹனோரா குவில்ட்டி

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். லூஷியன் மட்டையோட நிற்கிற படம் புதுசா வந்திருக்காம், அதில் நூலே கிடையாதாம், ஹாகர்ட்டி சத்தியம் பண்ணினான். தபால்தலைக் காசு அங்கேயே போச்சு, ஆகையால் கூலியை நீயே கட்டிக் கடிதத்தை வாங்கிக்கொள். அந்தக் காசுக்கு வாங்கின பெட்டியில் வந்தது யாரோ குதிரைப் பந்தயக்காரன். உங்க ஊர்க் கடையில் கிடைக்கிற பெட்டியெல்லாம் வாங்கிப் பாரு. படத்தை மட்டும் அனுப்பிவிடாதே, சிகரெட்டும் சேர்த்து அனுப்பு, என் இருமல் அதுக்குத்தான் கேட்குது.