ஸ்டாப் கொடுத்தால் வண்டி கிளம்பாது

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மாமியார், பின் அறையில் இருக்கும் உங்கள் கம்ப்யூட்டர் மூவரும் நலம். மூவரில் ஒருவர் நேற்று சிறிது நேரம் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். நீங்களும் மகளும் விமானத்தை விட்டு இறங்கி சௌக்கியமாக வீடு போய்ச் சேர்ந்தது குறித்து மகிழ்ச்சி.

நீங்கள் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியபடி சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "மாமா, அந்தக் கறுப்புத் திரையில, ஊன்றுகோல் பக்கத்துக்குன்னு ஒரே ஒரு வரி சேக்கணும். சேத்துட்டு டெஸ்ட் குடுங்க. ஓகேன்னு சொன்னா ரீலோடு குடுங்க. வேற எதையும் தொடாதீங்க." வீட்டில் சும்மா கிடக்கும் சக்கர நாற்காலியைக் கொடுப்பவரையும், அது இல்லாமல் தவிப்பவரையும் சேர்த்துவைக்கும் உங்கள் இணையதளம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது என்பதும், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று அதை ஓட்டும் புரோகிராமுக்கு 'டீமன்' என்று பெயர் என்பதும் மகள் சொல்லித் தெரியும். டீமன் என்றால் பேய் என்று யாரோ சொல்லிவிட்டதால் உங்கள் மாமியார் அந்த அறையைப் பெருக்குவதே இல்லை. தூசிக்கு நான் பொறுப்பல்ல.

நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்துச் சேர்த்தேன். டெஸ்ட் என்றதும் சுருக்கென்றது. ரிட்டயர் ஆனவனுக்கு இனி என்ன டெஸ்ட் என்று அதை விட்டுவிட்டேன். அடுத்தது ரீலோடு. லோடு ஏற்றுவது லாரிக்காரர் வேலை இல்லையா? நானோ ஆயுசு முழுக்க பஸ்ஸில் கண்டக்டர். வண்டியில் புதிதாக ஒருவரை ஏற்ற வேண்டுமானால் ஸ்டாப்பில் நிறுத்துவோம், அவர் ஏறுவார், வண்டி போகும். எனவே என் அனுபவத்தை நம்பி 'ஸ்டாப்' என்று அடித்தேன். நின்றது. ஏறட்டும் என்று காத்திருந்தேன். கிளம்புகிற வழியாக இல்லை. சரி, நாம்தானே சொல்ல வேண்டும் என்று 'ரைட்' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. 'ரைட் ரைட்' என்று அடித்தேன், அதற்கும் அதே பதில், அந்த நேரம் பார்த்து உங்கள் மேஜை மேல் இருக்கும் இணையதளத்து போன் அடிக்கிறது, எடுத்தால் ஒரு பெண்மணி.

"ஐயா, சக்கர நாற்காலி கேட்டு எழுதிக்கிட்டு இருந்தேன். பாதியில பக்கமே போயிடுச்சு. வீட்டுக்காரரை சாயந்தரம் ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்புறாங்க. வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் எப்படிக் கொண்டுபோறதுன்னு தெரியல. எங்க கேக்கறதுன்னும் தெரியல."

மாப்பிள்ளை, ஓடும் வண்டியிலிருந்து ஒரு பயணியைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். "கொஞ்சம் லைன்லயே இருங்கம்மா" என்றேன். "இருக்கேங்க, பரவாயில்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. உங்களுக்கு போன் போடலாம் என்றால் நீங்கள் ஆகாயத்தில். 'ஸ்டார்ட்' அடித்தேன். கிளம்பாதது மட்டுமல்ல, சிவப்பு எழுத்தில் நீளமாக ஏதோ வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. "திட்டுதுடி" என்று கத்தினேன்.

உங்கள் மாமியார் பேயையும் மறந்து உள்ளே வந்துவிட்டார். "திட்டுதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா?"

"அவ்வளவு நீளமா இருக்கே..."

"நான் சொல்றதையும் இப்படித்தானே முப்பது வருஷமா கேக்காம விட்டீங்க!"

படித்தோம். நான் சேர்த்த வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லையாம். ஒரு அரைப்புள்ளிக்கு இத்தனை அமர்க்களம்! டெஸ்ட் கொடுத்திருந்தால் வண்டியை நிறுத்தாமலே இதைச் சொல்லியிருக்குமாம். அரைப்புள்ளியைப் போட்டேன். இந்த முறை டெஸ்ட்டும் எழுதிப் பாஸாகிவிட்டு 'ஸ்டார்ட்' அடித்தேன். ஒரு பேச்சும் இல்லை. போச்சு, மொத்தமாகக் கெடுத்துவிட்டேன் என்று நெற்றியில் கை வைத்தபோது போனில் குரல்: "வந்துடுச்சுங்க!" வேலை நடந்தால் அது வாயே திறக்காதாம். உங்களை மாதிரிதான்.

ராத்திரி மகளிடம் பேசியபோது, பொதுவாகக் கேட்பது போல ரீலோடைப் பற்றிக் கேட்டேன். உள்ளே இருப்பவர் ஒருவரையும் இறக்காமல், ஓடுகிற வண்டியிலேயே மாற்றிக்கொள்வதுதான் அதுவாம். பஸ்ஸில் எங்களால் முடியாததை இந்தப் பேய் செய்கிறது.

இருந்தாலும் அந்த அம்மாள் "இருக்கேங்க" என்று சொன்ன குரல் காதை விட்டுப் போகவில்லை. அந்த நாற்காலி கிடைத்ததா என்பதும் தெரியவில்லை. இன்னொரு தடவை ஒருவரை நடுவழியில் தவிக்கவிட எனக்குத் தெம்பில்லை. எனவே இந்தக் கடிதத்தையே ராஜினாமாவாக ஏற்றுக்கொண்டு, இந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும். முடிவில் மாற்றமில்லை.

இருவரும் எல்லா நலமும் பெற்று, நின்ற இடத்தில் நிற்காமல் மேலே மேலே போக வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். பக்கத்துத் தெருவிலேயே நாற்காலி கிடைத்துவிட்டதாம். வீட்டுக்காரர் கட்டிலுக்குப் போகமாட்டேன் என்று அதிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாராம். "நீங்க அங்க என்ன வேலைங்க பாக்குறீங்க?" என்று கேட்டார். "கண்டக்டர்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான். வேறு ஆள் பார்க்க வேண்டாம்.