மூன்று பேர், ஒன்பது துறைகள்

மூன்றே மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒன்பது துறைகள் கொண்ட தொலைக்காட்சி நிறுவனத்தை நடத்திக் காட்டியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தர்மபுரியில் இருந்தார். அந்த மூன்று பேரில் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் அவருடைய சாதனையின் அளவு உங்களுக்குப் பிடிபடும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்களுக்கு அவர் டிபார்ட்மெண்ட்.

எங்களுடையது உள்ளூர் கேபிள் சேனல். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஒரே ஒரு ஹால். நான் செய்தி வாசிப்பேன். சம்பத் கேமரா பிடிப்பான், படத்தை வெட்டி ஒட்டுவான், ஒயர் அறுந்தால் முடிச்சுப் போடுவான். கேபிள் இழுத்துப் பெரிய ஆளான முதலாளி மாசத்துக்கு ஒரு தடவை மாடி ஏறுவார். கதவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அவர் கொண்டுவந்து விட்டவர்தான் டிபார்ட்மெண்ட்.

வாட்ச்மேன் வேலைக்கு வந்தவரிடம் முதலாளி முன்அனுபவம் கேட்டிருக்கிறார். சென்னையில் ஒரு பெரிய டிவி கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். பதினோரு வருஷமும் அந்தக் கம்பெனியின் கேட்டில் நின்று, வருகிறவர்களிடம் எந்தத் துறைக்குப் போகணும் என்று கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறார். ஒரு நாள்கூட கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. எந்தெந்தத் துறைகள் இருக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். அவை என்ன செய்கின்றன என்பதுதான் தெரியாது. வந்து போனவர்களைப் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேகமாக நடப்பவர்கள் செய்தி. பதினோரு மணிக்குமேல் வருபவர்கள் நிகழ்ச்சி. ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தால் விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தால் தொழில்நுட்பம்.

வந்த இரண்டாம் வாரம் ஹாலுக்குள் பிளைவுட் தட்டிகள் முளைத்தன. ஒவ்வொரு தட்டியிலும் ஒரு போர்டு. செய்தி, நிகழ்ச்சி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தொழில்நுட்பம், விளம்பரம், ஒப்பனை, வரவேற்பு, நிர்வாகம். ஒப்பனைத் துறை என்பது ஆணியில் மாட்டிய ஒரு கண்ணாடியும் ஒரு பவுடர் டப்பாவும். விளம்பரம் கொடுக்க வந்த நகைக்கடைக்காரர் போர்டுகளைப் பார்த்து மிரண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. வாட்ச்மேன் அன்றே நிர்வாகம் ஆகிவிட்டார்.

துறைகளாவது பரவாயில்லை. அவர் கொண்டுவந்த நோட்டுதான் எங்கள் உயிரை எடுத்தது. வெளியிலிருந்து வருகிறவரும், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகிறவரும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, எந்தத் துறை, அடுத்து எங்கே. செய்தியை எழுதுவதும் நான், வாசிப்பதும் நான் என்பதால் தினமும் சாயங்காலம் என்னைப் பார்க்க நானே வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம், நாற்காலியை விட்டு எழுந்தால் நான் இப்போது யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு தடவை தங்கச்சியின் வளைகாப்புக்கு டிபார்ட்மெண்டிடம் லீவு கேட்டேன். செய்தி வாசிப்பாளருடைய லீவைச் செய்தி ஆசிரியர்தான் அனுமதிக்க வேண்டும் என்றார். அதுவும் நான்தானே, அனுமதித்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு வாசிக்க வேறு ஆள் இருக்கிறதா என்று ஆசிரியரை விசாரித்தார். இல்லை என்று ஆசிரியர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். லீவு கிடைக்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் யார் லீவு தர மறுத்தார்கள் என்று விளக்க முயன்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சம்பத்தின் கதை இன்னும் மோசம். படம் ஆடுகிறது என்று படத்தொகுப்பு சம்பத் ஒளிப்பதிவு சம்பத்தைப் பற்றி ஏதோ முனகியிருக்கிறான். டிபார்ட்மெண்ட் விசாரணை வைத்துவிட்டார். சம்பத் இந்த நாற்காலியில் உட்கார்ந்து குற்றம் சொல்லி, அந்த நாற்காலிக்கு மாறி மறுப்புச் சொன்னான். கடைசியில் ஒளிப்பதிவுக்கு எச்சரிக்கை. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் படத்தொகுப்புப் பக்கமே போகவில்லை. மனசு சரியில்லையாம்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. போன ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் அந்த அம்மா மாடி ஏறி வந்தார்.

நாற்பது வயதிருக்கும். பெயர் மாதம்மா, ஏரியூர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நானும் சம்பத்தும் ஒரு பள்ளிக்கூட விழாவைப் படம் பிடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். அப்பாவைக் கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாராம். இவர் டோக்கன் வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் பெரியவர் எழுந்து போய்விட்டார். நாலு மணி நேரமாகத் தேடுகிறார். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, டிவியிலும் போடச் சொன்னார்கள் என்றார். அப்பா ஒகேனக்கல்லில் நாற்பது வருஷம் பரிசல் ஓட்டியவர். ஒரு வருஷமாக மறதி. எதை மறந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் சேனலில் காவிரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நான் வாசிப்பதை மட்டும் மறக்கமாட்டாராம். அதைக் கேட்டால்தான் சோறு இறங்குமாம்.

டிபார்ட்மெண்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல நோட்டைத் திறந்தார்.

"எந்தத் துறைக்குங்கம்மா வந்திருக்கீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். புதுப் பக்கத்தில் கோடு போடுவதற்காக முந்தின பக்கத்தைப் புரட்டியவர், அதில் ஒரு வரிமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அவர் மட்டும்தான் ஆபீஸில் இருந்தார். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது வேறு யாருக்கும் தெரியாது. நோட்டை மூடிவிட்டு எழுந்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது. அவர் நோட்டைத் திருப்பி அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார். மாதம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். பெயர், மாதையன். எங்கிருந்து, ஏரியூர். யாரைப் பார்க்க, தண்ணி சொல்ற பொண்ணு. எந்தத் துறை, சொல்லத் தெரியவில்லை, திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்து எங்கே, ஆத்துக்கு.

"நான்தாம்மா அனுப்பிச்சுட்டேன். எந்தத் துறைன்னு மூணு வாட்டி கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல" என்றார் டிபார்ட்மெண்ட்.

மாதம்மா கத்தவில்லை. "எனக்குந்தாங்க தெரியல" என்றார்.

கர்நாடகத்தில் மழை. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, பரிசல் ஓட்டக் கூடாது என்று காலையில்தான் தடை போட்டிருந்தார்கள். கண் சரியாகத் தெரியாத மனுஷர் அங்கே போயிருக்கிறார். டிபார்ட்மெண்ட் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மாதம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஒகேனக்கல் பஸ் புறப்படும் நேரம். நோட்டில் எழுதாமல் அவர் கதவைத் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே நானும் சம்பத்தும் அந்த அம்மா கொடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு நிமிஷம் சும்மா நின்றோம்.

"இது செய்திங்களா, நிகழ்ச்சிங்களா? காசு வாங்காத விளம்பரமாக்கூட வருமுங்களே" என்றான் சம்பத்.

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. பிறகு எனக்கே என்மேல் ஆத்திரம் வந்து, தட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். பவுடர் போடவில்லை, தலை வாரவில்லை. ஓடிக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சியை நிறுத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெரியவரின் படத்தைக் காட்டி அடையாளம் சொன்னேன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஜில்லாவில் வெள்ளை வேட்டி கட்டிய கிழவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பாலக்கோட்டில் டீ குடிக்கிறார் என்று ஒருவர். அரூர் பஸ்ஸில் தூங்குகிறார் என்று ஒருவர். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர், ஆளைக் கையோடு பிடித்து உட்கார வைத்துவிட்டேன், விடமாட்டேன் என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, மன்னிக்கணும், இவர் பக்கத்து வூட்டு ஆடி விருந்துக்கு வந்த சம்பந்தியாம், ரொம்பக் கோவமா இருக்காரு என்றார். எந்தப் பெரியவர் எங்கே இருக்கிறார் என்று காகிதத்தில் எழுதி எழுதி, கடைசியில் ஒரே நேரத்தில் ஏழு ஊர்களில் மாதையன் இருந்தார். ஆற்றங்கரையிலிருந்து மட்டும் ஒரு போனும் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு டிபார்ட்மெண்ட் கூப்பிட்டார். பின்னால் அருவியின் இரைச்சல். அவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை. கிடைத்துவிட்டார் என்பது முதலில் விழுந்தது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாராம். மீன் வறுவல் கடைக்காரம்மா டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாராம். மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"ஒரு நிமிசம் நீங்க பேசுங்கம்மா. தண்ணி எவ்வளவுன்னு தெரியாம வரமாட்டேங்கறாரு" என்றார் டிபார்ட்மெண்ட். ஆறு எதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன் கை மாறியது.

"தண்ணி சொல்ற பொண்ணாம்மா?"

"ஆமாங்கய்யா."

"காலையில உன்னைப் பாக்க வந்தேன். நீ இல்ல. இன்னிக்கு எவ்வளவு வருது?"

"முப்பத்திரண்டாயிரம் கனஅடிங்கய்யா. பரிசல் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

முப்பத்திரண்டாயிரம் என்று அவர் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வது கேட்டது.

"அப்ப இன்னிக்கு வேலை இல்ல" என்றார் பெரியவர், மகளிடம். "வா, வூட்டுக்குப் போலாம்."

போனை யாரும் அணைக்கவில்லை. நானும் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் டிபார்ட்மெண்ட் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. மாதம்மா அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக என் பிராணனை வாங்கிய மனுஷன். பக்கத்தில் இருந்திருந்தால் நானே அவர் கண்ணைத் துடைத்துவிட்டிருப்பேன்.