கிழிந்த தாளின் வாரிசு

கிழிசல் பிரபு என்று ஒரு ரக மனிதர் இருக்கிறார். புத்தகப் புழு என்று அவரைத் தப்புக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு புத்தகம். அதையும் அவர் படிப்பதில்லை, காட்டுவார். எங்கோ தூர தேசத்துப் பிரபுக்கள் தங்கள் கேடயத்திலும் வாசற்கதவிலும் சாப்பாட்டுத் தட்டிலும் பொறித்துக்கொண்ட குலச்சின்னங்களை, சிங்கம் கழுகு சாவி கோடாலி என்று படம் போட்டு விளக்கும் பழங்காலத்துத் தடிப்புத்தகம் அது. முன்னட்டை கிடையாது. முதுகுத் தோல் உரிந்து தொங்கும். பூச்சி குடைந்த ஓட்டை ஒன்று சிங்கத்தின் கண் வழியாகப் புகுந்து, ஏகப்பட்ட குடும்பங்களைத் துளைத்துக்கொண்டு, ஒரு மீனின் வால் வழியாக வெளியே வரும். நீங்களும் நானும் பார்த்தால் எடைக்குப் போடலாம் என்போம். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

“அருமையான பிரதி சார். அட்டை இல்ல, முதுகு இல்ல, ஓரமெல்லாம் ஈரம் பட்டிருக்கு. மத்தபடி பிரமாதமான நிலைமை.”

மற்றபடி என்றால் மிச்சம் எது என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு பூர்வோத்தரம் வைத்திருக்கிறார். சிவப்புக் கறை ஒரு கோமகன் கோபத்தில் கவிழ்த்த மது. மூலையில் உள்ள பல் தடம் ஒரு சீமாட்டியின் வேட்டை நாய் கடித்தது. ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இருப்பது காதலில் தோற்ற இளவரசன் ஒருவனின் கண்ணீர். பக்கத்து வீட்டுக்காரன் என்ற குற்றத்துக்காக இந்தக் கண்ணீரை நான் பல தடவை தடவிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“அது போன மழைக்கு நம்ம கூரை ஒழுகினதுங்க!”

அசருவாரா? “ஏன், பிரபு வீட்டுக் கூரை ஒழுகாதா?” என்றார்.

இதெல்லாம் போகட்டும். அவருடைய உண்மையான பொக்கிஷம் அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு தாள். யாரோ கிழித்துவிட்டார்கள். அடியில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு துணுக்கு மட்டும் நிற்கிறது. அந்தத் தாளில்தான் அவருடைய சொந்தக் குடும்பத்தின் சின்னம் இருந்ததாம்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். புத்தி இருந்தால் கேட்டிருப்பேனா?

“மத்த எல்லாத் தாளையும் பாத்துட்டேன் சார். எங்கயும் நம்ம குடும்பம் இல்ல. அப்ப இதுலதானே இருந்திருக்கணும்?”

“யார் கிழிச்சிருப்பாங்க?”

“வேற யாரு? பங்காளி.”

தூர தேசத்துப் பிரபுவுக்கும் இவருடைய பங்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. குடை பிடித்து நிற்கும் ஆடு ஒன்றைக் குலச்சின்னமாக அவரே வரைந்து, கால்மிதியிலிருந்து தலையணை உறை வரை போட்டுவிட்டார். மனைவி அந்த ஆட்டின் மேல்தான் தினமும் தலை வைத்துப் படுக்கிறார். பாவம், பொறுமைசாலி.

இந்த வீட்டில்தான் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தது; பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். பிரபுவின் மகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது; அவனுக்கும் அப்படியே. பையனின் அப்பா குழாய்க்கடை வைத்திருப்பவர். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. காலையிலேயே மகள் அப்பாவிடம் கெஞ்சினாள்.

“அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் புத்தகத்த எடுக்காதீங்கப்பா. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“எடுக்கவே மாட்டேன்மா.”

சொன்ன சொல் தவறவில்லை. எடுப்பானேன்? அது முந்தின நாளிலிருந்தே கூடத்து மேசையில் விரிந்து கிடந்தது.

குழாய்க்கடைக்காரர் மனைவியோடும் மகனோடும் வந்தார், உட்கார்ந்தார், தேநீரைக் கையில் வாங்கினார். மேசையைப் பார்த்தார். தேநீரை அப்படியே வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். குழாய் விற்பவருக்குப் பூதக்கண்ணாடி எதற்கு?

“இந்தத் தாள் எங்க?” என்றார், துணுக்கைத் தொட்டு.

“கிழிச்சுட்டாங்க.”

“எங்கிட்ட இருக்கற பிரதியிலயும் இதே தாள் இல்லீங்க! இதுலதான் எங்க குடும்பச் சின்னம் இருந்தது. ரெட்டைக் குழாய், நடுவுல கிரீடம்.”

பிரபு எழுந்து நின்றார். “இதுல இருந்தது நாங்க.”

“நாங்க!”

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது. அதுதான் வினை.

“ரெண்டு பேரும் ஒரே தாள்னா, ஒரே குலம்,” என்றார் குழாய்க்கடைக்காரர் மெதுவாக.

“ஒரே குலம்னா நாம பங்காளிங்க,” என்றார் பிரபு.

“அப்ப இவங்க ரெண்டு பேரும்?”

“அண்ணன் தங்கச்சி முறை ஆகுது.”

பெரியவர்கள் இருவரும் கண்கலங்கிக் கட்டிக்கொண்டார்கள். பல தலைமுறை பிரிந்திருந்த சொந்தமல்லவா! கல்யாணம் முறிந்ததைப் பற்றி அவர்களுக்கு வருத்தமே இல்லை. இல்லாத ஒரு தாளில் உறவு கிடைத்துவிட்டதே. மகளின் முகத்தைப் பார்த்தேன். புத்தகத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் எறியவில்லை. அப்பாவுக்கு மகள்தானே? துணுக்கை விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் புரட்டினாள்.

“அப்பா, ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டுல்ல?”

“உண்டு.”

“நாம ஒரு பக்கம். மாமா வீட்டுக்காரங்க மறுபக்கம். முதுகுக்கு முதுகு ஒட்டிக்கிட்டு இருந்தும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்ததே இல்ல. இதுக்குப் பேரு பங்காளியா? சம்பந்தி!”

பெரியவர்கள் யோசித்தார்கள். மறுக்க முடியவில்லை. ஏனென்றால் இதற்கும் ஆதாரம் இல்லை, அவர்களுடைய மற்ற நம்பிக்கைகளைப் போலவே. “சம்பந்தி!” என்று மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். பிடி தளர்வதற்குள் குழாய்க்கடைக்காரர் கேட்டார்: “முன்பக்கம் யாரு?”

அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போதே அம்மாக்கள் இருவரும் உள்ளே போய்த் தேதி குறித்தார்கள். கல்யாணமும் நடந்தது. மணமக்களை வாழ்த்த வேண்டிய நேரத்தில் சம்பந்திகள் ஒரு மூலையில் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்ததால், ஆசீர்வாதத்தை நான்தான் செய்ய வேண்டியதாயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் கேட்கிறேன். “ஒரு காலத்துல இந்தத் தெரு முழுக்க நம்மளுதுதான்” என்று நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லுவீர்களே, “ஆதாரம் எங்கே?” என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? “கரையான் அரிச்சிடுச்சு” என்றுதானே? அந்தக் கரையானுக்கு மருந்து கிருந்து அடித்துவிடாதீர்கள். உங்கள் குடும்பப் பெருமைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதான்.