கடிகாரத்துக்கு உயிர் கொடுத்தவன்

எடுத்த வேலையைப் பாதியில் விடாதவன் என்று என்னைப் பற்றிப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சொன்னது எப்போதும் நான் மட்டும்தான். என் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டால், பிரித்துப் போட்ட மிக்ஸி, பாதி பெயின்ட் அடித்த பின்பக்கச் சுவர், இரண்டே பாடத்தோடு நின்றுபோன கிட்டார் என்று அடுக்குவாள். (கிட்டார் நின்றதற்குக் காரணம் நானில்லை, பக்கத்து வீட்டுக்காரர்.) ஆனால் ஒரே ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விடாமல் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னை எதையும் முடிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை.

எங்கள் தெருவை ஒட்டி ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடம். ஸ்டெல்லா அங்கேதான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தின் கோபுரத்தில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் கிளார்க்காக இருந்த என் அப்பா வாராவாரம் மேலே ஏறி அதற்குச் சாவி கொடுப்பார். அவர் ஓய்வு பெற்றதும் ஏற ஆளில்லாமல் கடிகாரம் நின்றது. சில வருடங்களில் அப்பாவும் போய்விட்டார். முட்களின் மேல் புறாக்கள் குடித்தனம் நடத்தின.

ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "அவுக இல்லாததுகூடப் பழகிருச்சுய்யா. அந்த மணிச் சத்தம் இல்லாததுதான் இன்னும் பழகல."

அம்மா தனக்கென்று எதையும் கேட்டவரில்லை. இதையும் கேட்கவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த மணியை அம்மா காதில் மறுபடி விழவைப்பது என்று கை கழுவும்போதே முடிவு செய்தேன். தாலுகா ஆபீஸில் பட்டா கோப்புகளைத் தவிர வேறெதையும் பழுது பார்த்ததில்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் ஸ்டெல்லா கெஞ்சி அனுமதி வாங்கினாள். சிஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "புள்ளைங்க மேல எதுவும் விழுந்துராதுல்ல சார்?"

விழாது என்று வாக்குக் கொடுத்தேன். அதன்பின் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே கோபுரம்தான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பேசப் பேச, பல் சக்கரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். புறா எச்சத்தோடு வீடு திரும்பும் என்னைப் பார்த்து ஸ்டெல்லா, "இம்புட்டு பொறுமைய எங்க வச்சிருந்தீக? மிக்ஸிக்கு மட்டும் வரலையே" என்றாள்.

மணியடிக்கும் பகுதியில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. எத்தனை மணியோ அத்தனை முறை அடித்ததும் அது ஒரு பள்ளத்தில் விழுந்து சுத்தியலை நிறுத்தும். சக்கரங்களைத் துடைக்க அது இடைஞ்சலாக இருந்ததால் ஒரு சணலால் தூக்கிக் கட்டி வைத்தேன். வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். இது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

ஒருவழியாகக் கடிகாரம் ஓடியது. மணியை மட்டும் நான் அடித்துப் பார்க்கவில்லை. முதல் சத்தம் அம்மாவுக்கென்று பிடிவாதமாக இருந்தேன்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் தொடக்க விழா. பாடம் கெடக்கூடாதென்று பிள்ளைகளை வகுப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் சிஸ்டர். முட்டிவலிக்கார அம்மா வீட்டில் ஜன்னலோரம் காத்திருந்தார். சிஸ்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் கோபுரத்தை நோக்கிக் கையை நீட்டினேன், ஏதோ நான் சொல்லித்தான் அடிக்கப்போகிறது என்பதுபோல.

டாண். உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்தும் அடித்தது. கூடியிருந்தவர்கள் கைதட்ட, நான் தலை வணங்கினேன். குனிந்த தலை நிமிர்வதற்குள் பதினொன்றாவது விழுந்தது.

"பத்துதானே சார்?" என்றார் சிஸ்டர்.

"புதுசுல கொஞ்சம் கூடப் போகும் சிஸ்டர்." (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

நிற்காமல் அடித்தால் அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே அர்த்தம்தான், லாங் பெல். வீட்டுக்குப் போகலாம். முதலில் ஆறாம் வகுப்பு பையோடு வெளியே வந்தது. பிறகு எல்லா வகுப்பும். காலையிலேயே லாங் பெல் அடித்தால் யாரோ பெரிய தலைவர் காலமாகிவிட்டார் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் வாட்ச்மேனிடம் கேட்டது எனக்கே கேட்டது.

"அண்ணே, யாருண்ணே போய்ட்டாக?"

"தெரியலப்பா. ஆனா ரொம்பப் பெரிய ஆளு. நிக்காம அடிக்கிறாக பாரு."

டீக்கடையின் ஷட்டர் இறங்கியது. அதைப் பார்த்து ஜெராக்ஸ் கடை, அதைப் பார்த்து நகைக்கடை. ஷேர் ஆட்டோக்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பறந்தன.

நான் கோபுரத்தில் ஏறினேன். எண்ணெயில் ஊறிய சணல் முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. ஒரு வாரத்துக்கு அடிக்க வேண்டிய மணிக்கெல்லாம் சேர்த்துச் சாவி கொடுத்தவன் நான்தான். அது முழுவதையும் இப்போதே அடித்துவிடுவது என்ற முடிவில் இருந்தது கடிகாரம். வேறு வழி தெரியாமல் பொன்னாடையை உருவி மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் திணித்துப் பிடித்துக்கொண்டேன். டாண் போய் தொப், தொப் என்றானது. அப்போது ஏணியில் ஸ்டெல்லாவின் தலை தெரிந்தது. பாதிக் கணக்கில் அவள் வகுப்பு எழுந்து ஓடியிருந்தது.

"இத்தன வருசத்துல இந்த ஒண்ணையாவது பாதியில விட்டிருக்கலாம்ல?"

கொடுத்த சாவியெல்லாம் தீர்ந்து சுத்தியல் தானாக நின்றபின் இறங்கி வந்ததும், சிஸ்டர் கையை நீட்டிக் கோபுரச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க சொன்ன மாதிரி புள்ளைங்க மேல எதுவும் விழல சார்" என்றார் அமைதியாக. "புள்ளைங்கதான் இல்ல."

அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் வெட்கமாக இருந்தது. அவருக்கென்று செய்த ஒரே காரியம், ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அழுதிருந்தார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுய்யா" என்றார். பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல், "பத்து வரைக்கும் அடிச்சது உங்க அப்பா. அதுக்கு மேல அடிச்சது நீ."

மறுவாரம் அம்மாவே முட்டிவலியோடு நடந்துபோய் சிஸ்டரிடம் பேசிச் சாவியை வாங்கி வந்தார். லாங் பெல்லுக்கு எலெக்ட்ரிக் மணி வைத்த பிறகே சிஸ்டர் கொடுத்தார். சணலை அறுத்தெறிந்தேன். கடிகாரம் இப்போது ஒழுங்காக அடிக்கிறது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால், "அப்பா, பத்தாச்சு" என்கிறாள் என் மகள். சபையே சிரிக்கிறது, பாதிப் பேருக்கு நான் யாரென்றே தெரியாவிட்டாலும்.

லீவு நாளில் காலை பத்து மணிக்கு நானும் அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். அம்மா விரல் விட்டு எண்ணுவார். பத்தாவது அடித்ததும் இருவருமே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஒன்றும் வராது. அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு முழுசும் உங்க அப்பாதான்" என்பார்.